முத்துப்பார்க் காவல்: வடகடல் வரலாற்றில் மக்கள் பங்கு

வன்னிப் பெருநிலத்தின் உள்ளூர்களில் வாழ்வோர் நீரைக் காத்தல் என்னும் கருமத்தைக் குளத்தை வைத்தே அறிவர். மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளுக்கு வவுனிக்குளம் அவ்வகையில் ஒரு பள்ளிக்கூடம் போன்றது. குளத்தில் எவ்வளவு நீர் நின்றாற் சிறுபோகம் செய்யலாம், எந்த வாய்க்காலை எந்நாளில் திறக்கலாம், நீர் குறைந்த ஆண்டில் விதைப்பு நிலத்தை எவ்வாறு பங்கிடலாம் என்பனவெல்லாம் கமக்காரர் கூடிப் பேசி முடிவு செய்பவை. முடிவானதை நடத்தி வைப்பவர் வட்டவிதானையார். அக்குளத்துக்கு நீரூட்டும் பாலியாறு மேற்கு நோக்கி ஓடிப் பாக்குநீரிணையிற் கலக்கின்றது. கலந்தபின் அந்நீருக்கு வட்டவிதானையார் யார்? கடலுக்கு அணையும் இல்லை, துருசும் இல்லை. அதனை அடைக்கவும் திறக்கவும் உரிமையுடையார் எக்காலத்திலேனும் இருந்தனரா?

இருந்தனர் என்பதே வரலாறு தரும் விடை. வெள்ளாங்குளத்திலிருந்து தெற்கே மன்னாரைக் கடந்து அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரை செல்லும் கரையை ஒட்டிய கடலில் ஆண்டுக்கணக்காக ஒருவரும் முழுகாதபடி அடைத்து வைக்கப்பட்டதும், பின் குறித்த சில வாரங்களுக்கு மட்டும் திறந்துவிடப்பட்டதுமான நிலங்கள் உண்டு. நிலம் என்றது கடலடி நிலத்தை. அவற்றைப் பார் என்பது கடற்றொழிலாளர் வழக்கு. பெரியபார், சேவல்பார், மோதரகம்பார், கொண்டச்சிப்பார் எனப் பெயரிட்டு, வயலை எல்லை குறித்து அறிவது போல அவற்றை அறிந்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத நிலத்துக்குப் பெயர் வைத்த மக்கள் அதனை எத்துணை நெருங்கிப் பழகியிருத்தல் வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

கடலுக்கு ஓய்வு கொடுத்தல் என்னும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பரதவர் நிறைமதி நாளிற் கடல்மேற் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் பேணி, உண்டும் ஆடியும் இருந்ததைக் கூறுகின்றது. அஃது இறைவழிபாட்டின் பொருட்டு எழுந்த ஓய்வேயன்றி மீனினம் பெருகுவதற்கென்று வகுத்த விதியன்று. இக்காலக் கருத்தை அக்காலத்தார் வாயில் ஏற்றுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும், ஊரார் அனைவரும் ஒருசேரத் தொழிலை நிறுத்தக்கூடிய ஒரு கட்டுப்பாடு அவர்களிடம் இருந்தது என்பது அதனால் அறியக்கிடக்கின்றது. பின்னர் வந்த முத்துப்பார்க் காவலுக்கும் இவ்வகைக் கட்டுப்பாடே உயிராயிற்று.

முத்தெடுப்பு எல்லாக் காலத்தும் மக்கள் விரும்பிச் செய்த தொழிலாக இருந்ததென்று கொள்ளுதலும் தவறு. கி.பி. முதலாம் நூற்றாண்டினதாகிய செங்கடற் பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என்று குறிக்கின்றது. மதுரைக்காஞ்சி போற்றும் கொற்கை முத்துக்குப் பின்னே அத்தகைய துயரமும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ காட்டும் நிலை வேறு. அவர் காலத்தில் வணிகர் கூட்டாகப் பொருளிட்டுத் தோணிகளை அமர்த்தினர். பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு சுறாவை மந்திரத்தாற் கட்டுவோருக்கும் சென்றன. மந்திரக் கட்டுப் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது நீக்கப்பட்டுவிடும். இரவில் நீக்கிய காரணம் சுவையானது. மந்திரம் நீங்கிய கடலில் முழுகக் கள்வனும் அஞ்சுவான் அல்லவா? காவற்கப்பல் ஒன்றும் இல்லாத காலத்தில் அச்சமே காவலாக நின்றது. 1344ஆம் ஆண்டிலே புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட இபுன் பதூதா, அம்மன்னன் முன்னே முத்துக்கள் குவிந்திருந்தமையைக் கூறுவதால், யாழ்ப்பாண அரசுக்கு இக்கடலில் இருந்த உரிமையும் விளங்கும்.

சுறாக் கட்டுவோரைப் பிற்காலத்தார் கடல்கட்டி என்றழைத்தனர். இப்பெயர் ஆங்கிலேயர் எழுதிய முத்துக்குளிப்பு நூல்கள் பலவற்றிலும் இடம்பெற்றுள்ளது. பரவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளிற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பின்னரும் இப்பதவி அழியவில்லை. கத்தோலிக்கராகிய கடல்கட்டிகளே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அப்பணியைச் செய்தனர். ஆங்கில அதிகாரிகள் இதனை மூடநம்பிக்கை என்று எள்ளி எழுதினர். எழுதிக்கொண்டே அவருக்குரிய ஊதியத்தையும் கொடுத்து வந்தனர். கடல்கட்டி கரையில் இல்லையெனிற் குளிகாரர் கடலில் இறங்கார் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். அரசின் கட்டளையால் திறக்க முடியாத கடலை ஒரு கிழவரின் சொல் திறந்தது. மந்திரம் பலித்ததோ இல்லையோ, கடலிற் புகுவதற்கு ஓர் ஒப்புதல் வேண்டும் என்பதும், அவ்வொப்புதலைத் தருபவர் தம்முள் ஒருவராக இருத்தல் வேண்டும் என்பதும் அம்மக்கள் விட்டுக்கொடாத கொள்கைகளாக இருந்தன.

பாரை அடைத்ததும் திறந்ததும் எவ்வாறு என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். முத்துச்சிப்பி முதிர நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்கு முன் எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும். மிகப் பிந்தினாற் சிப்பி தானே மடிந்து முத்தும் மணலோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு பாரிலும் எத்தனை ஆண்டுச் சிப்பி கிடக்கின்றது என்பதை அறிந்தாலன்றிக் குளிப்பை அறிவித்தல் இயலாது. வாடைக்காற்றுத் தொடங்குமுன் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எத்துணை விலைபெறும் முத்துக் கிடைக்கும் என மதிப்பிடுவர். இச்சோதனைக்குச் சென்றோர் கடலடியை நேரிற் கண்டு பழகிய குளிகாரரும், பட்டங்கட்டி, அடப்பனார் முதலிய தலைவர்களுமே. தூத்துக்குடியிலிருந்த பரவர் சாதித்தலைவருக்குக் குறித்த சில தோணிகளின் வருவாய் பரம்பரை உரிமையாயிருந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். இது வெறும் சலுகையன்று. பாரின் நலத்தில் தலைவனுக்குப் பங்கிருந்தாற் பாரைக் களவாடுவோனை அவனே தடுப்பான் என்ற கணக்கு அதில் அடங்கியிருந்தது.

சிப்பி முதிர்ந்ததென்று கண்டால் மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுறும் காலத்தில் நாள் குறிக்கப்படும். அதுவரை மணற்காடாகக் கிடந்த கரையில் ஒரு நகரமே எழும். கீழக்கரைச் சோனகரும், தூத்துக்குடிப் பரவரும், பிற்காலத்தில் அரபுக் குளிகாரரும், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், வடநாட்டு முத்து வணிகரும் கூடுவர். நள்ளிரவுக்குப் பின் வெடியொலி கேட்டதும் தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் யாவும் ஒருங்கே புறப்படும். கொடி கட்டிய மிதவைகள் எல்லை காட்டும்; அவ்வெல்லைக்கு அப்பால் முழுகுதல் குற்றம். மாலையிற் கடற்காற்றோடு கரை சேர்ந்த தோணிகளின் சிப்பி கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குட் கொண்டு செல்லப்படும். அங்கே நடந்த பங்கீடு கணக்காசிரியர் எவரும் மெச்சத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த முறைப்படி, குளிகாரர் தாமே தம் சிப்பியை மூன்று குவியலாக்குவர்; அதிகாரி வந்து தாம் விரும்பிய இரண்டை அரசுக்கென எடுப்பார்; எஞ்சிய ஒன்று குளிகாரருக்கு. எந்தக் குவியல் தமக்கு எஞ்சும் என்பது தெரியாமையாற் குவியல்கள் சமமாகவே இருக்கும். நிறுவையும் இல்லை, வழக்கும் இல்லை.

இக்காவல் யாருடைய நன்மைக்காக நடந்தது என்ற கேள்வி எழுதல் இயல்பு. பெரும்பகுதி அரசிறைக்காகவே நடந்தது. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை ஓட்டிய ஒல்லாந்தரும் முத்தின் மீது வைத்த அன்பு மீனவர் மீது வைத்த அன்பன்று. இங்கே ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடலாம். கடல் எவருக்கும் சொந்தமன்று, யாவருக்கும் பொது என்று 1609இல் நூலெழுதிய குரோசியசு ஒல்லாந்து நாட்டவர். அவருடைய நாட்டவரே மன்னார்க் கடலில் தம் ஆணையின்றி ஒரு சிப்பியும் எடுக்கலாகாது என்று காவல் வைத்தனர். நாடுகளின் சட்டம் பற்றி 1758இல் எழுதிய வற்றெல் என்னும் அறிஞர், கடலிலும் தனியுரிமை கொள்ளத்தக்க பகுதி உண்டு என்பதற்குப் பாரெயின் முத்துக்குளிப்பையும் இலங்கை முத்துக்குளிப்பையுமே எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவின் சட்ட வல்லுநர் வாதத்துக்கு மன்னார்க் குளிகாரரின் பழைய வழக்கம் சான்றாகியது. 1811ஆம் ஆண்டில் இலங்கை அரசு முத்துப்பார்களைக் காக்க இயற்றிய பிரமாணம், பார்களின் அருகே காரணமின்றிச் சுற்றித் திரியும் தோணிகளைப் பறிமுதல் செய்யவும் இடமளித்தது.

சட்டம் வலுத்த அதே காலத்திற் காவல் மெலிந்ததுதான் விந்தை. ஒல்லாந்தர் காலத்திற் பல்லாண்டுகள் இலங்கைப் பகுதியிற் குளிப்பே நடைபெறவில்லை. 1768க்குப் பின் பார்கள் ஓய்ந்து கிடந்தன. அவ்வோய்வின் பயனை அறுத்தெடுத்தவர் ஆங்கிலேயர். 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டும் அடுத்தடுத்துக் குளிப்பு நடத்தினர். பின்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் இலட்சம் பவுணுக்கு மேற் கிடைத்தது. 1799இல் அதன் மூன்றிலொரு பங்குதானும் கிடைக்கவில்லை. அந்த மூன்றாண்டு வருவாயைக் கண்டு மயங்கியே முதலாம் தேசாதிபதி பிரெடரிக் நோர்த்து அரிப்புக் கரையிற் கிரேக்கத் தூண்களோடு ஒரு மாளிகை எழுப்பினார் எனலாம். 1804இல் முடிவுற்ற அம்மாளிகையின் இடிந்த சுவர்கள் கடலரிப்புக்கு இரையாகிக்கொண்டு இன்றும் நிற்கின்றன.

1828 முதல் 1837 வரை மீண்டும் அடிக்கடி குளிப்பு நடந்தது. 1838 முதல் 1854 வரை ஒன்றுமில்லை. 1864 முதல் 1873 வரையும் ஒன்றுமில்லை. 1891க்குப் பின் மீண்டும் வறட்சி. இதன் காரணத்தை ஆராய அரசினர் அழைத்தமையால் இலிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இலங்கை வந்தார். அவரும் அவருடைய துணைவர் ஹோர்ணெல்லும் செய்த ஆய்வு, 1903 முதல் 1906 வரை இலண்டன் இராயல் கழகத்தால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டது. திருக்கையும் கிளாத்தியும் இளஞ்சிப்பியைத் தின்பதும், பருவக்காற்றால் மணல் பெயர்ந்து பாரை மூடுவதும், நெருங்கிப் பிறந்த சிப்பிகள் இடமின்றி மடிவதும் அவ்வறிக்கையில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. ஆகவே பார் வெறுமையானது முழுவதும் மனிதர் பேராசையாலேயே என்று தீர்ப்பளித்தல் பொருந்தாது. கடல் தானாகவும் கொடுக்கும், தானாகவும் எடுக்கும். ஆனால் தானாக எடுக்கும் கடலில் மனிதரும் அளவின்றி எடுத்தால் அடுத்த விதைக்கு எது எஞ்சும்? கமக்காரன் விதைநெல்லை உண்பதில்லை.

அடுத்த நிகழ்ச்சி இவ்வரலாற்றின் நடுப்பகுதி. 1903இற் பார்கள் மீண்டும் செழித்தன. 1903, 1904, 1905, 1906, 1907 என ஐந்தாண்டும் தொடர்ந்து குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் ஏறக்குறைய 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு வந்தது 25 இலட்சம் உருபாவுக்கு மேல். அவ்வருவாயைக் கண்டு இலண்டன் முதலாளிகள் கூட்டமொன்று முன்வர, அரசினர் 1906இற் பார்கள் அனைத்தையும் ஆண்டுக்கு 3,10,000 உருபா வாடகைக்கு, இருபது ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்துவிட்டனர். இலாபத்தின் ஒரு பகுதியைச் சிப்பி வளர்ப்புக்குச் செலவிடவேண்டும் என்னும் விதியும் ஒப்பந்தத்தில் இருந்தது. அறிவியலும் மூலதனமும் சேர்ந்தாற் பார்கள் ஆண்டுதோறும் விளையும் வயலாகிவிடும் என்று நம்பினர். 1907க்குப் பின் பாரிற் சிப்பி இல்லை. 1912இற் கொம்பனி கலைக்கப்பட்டது. பின் இலங்கைப் பகுதியிற் குறிப்பிடத்தக்க குளிப்பு 1925இலேயே நடந்தது. தூத்துக்குடிப் பகுதியில் 1955இல் தொடங்கிய குளிப்புகளும் 1961ஓடு நின்றுவிட்டன.

1906ஆம் ஆண்டுக் குளிப்பில் யாழ்ப்பாணக் கச்சேரியைச் சேர்ந்த இளைய உத்தியோகத்தராகப் பணிபுரிந்த இலெனாட் வுல்வு, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர், மறிச்சுக்கட்டிப் பாளையத்தைப் பற்றித் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஆயிரமாயிரம் மக்கள் திரண்ட பாளையத்தை விரல்விட்டு எண்ணத்தக்க சில வெள்ளையரே நிருவகித்ததை அவர் விந்தையாகக் கூறுவார். விந்தை ஒன்றுமில்லை. பாளையம் நடந்தது பல நூற்றாண்டு வழக்கத்தால். யார் எந்தத் தோணியில், யாருக்கு எத்தனை பங்கு, எப்பொழுது முழுகுவது, எப்பொழுது நிறுத்துவது என்பன யாவும் அதிகாரி பிறப்பதற்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன. அவ்வழக்கத்தில் ஒன்றே ஒன்று குளிகாரர் கையை விட்டுப் போயிருந்தது: இவ்வாண்டு போதும் என்று கூறும் உரிமை. அது கணக்கேட்டுக்கும், பின்னர்க் குத்தகைப் பத்திரத்துக்கும் சென்றது.

சங்குகுளிப்பிலும் இதனை ஒத்த ஒரு வழக்கம் இருந்தது. தூத்துக்குடியிற் குளிகாரர் கொணரும் சங்குகளை அளவுவளையத்தினூடே விட்டுப் பார்ப்பர். அதற்குட் புகுந்துவிடும் இளஞ்சங்கைக் கூலியின்றி மீண்டும் கடலில் விட்டுவிடவேண்டும். கோயிலில் ஊதும் சங்கின் பின்னே அவ்வளையமும் உண்டென்பதை நம்மவர் பலர் அறியார்.

முத்தும் சங்கும் செல்வர் பொருள்கள். அன்றாட மீனுக்கு வருவோம். வடகடற் கரைகளிற் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். கல்லும் முருகையும் இல்லாத, வலை வளைக்கத்தக்க கரைத்துண்டே பாடு ஆகும். இன்ன பாடு இன்னாருக்கு என்பதும், ஒரு பாட்டிற் பலர் உரிமையுடையராயின் முறைவைத்து வலை போடுவதும் ஊர் வழக்கு. பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்னும் ஊர்ப்பெயரே இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றது. முறை வரும்வரை காத்திருப்பவன் மற்றவன் வலையைக் கண்காணிப்பான் என்பது இயற்கை. இதில் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. சம்மாட்டிக்கு ஒரு பங்கும் வலை இழுத்தவனுக்கு வேறொரு பங்குமாகவே ஆதாயம் பிரிந்தது. புதியவனுக்கு இடம் கிடைத்தல் அரிது. பழைய வழக்கமெல்லாம் நல்வழக்கம் என்று கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் ஒரு கரையில் எத்தனை வலை விழலாம் என்பதற்கு அவ்வழக்கம் ஓர் எல்லை வைத்திருந்தது.

கரையோரத்தாரும் உள்நாட்டாரும் கடலால் இணைந்திருந்தமைக்கு முல்லைத்தீவில் வேறொரு சான்றும் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலின்போது சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அவ்வுப்பு நீரால் விளக்கெரிப்பது மரபு. பொங்கலுக்குரிய நெல் வயலிலிருந்து வருகின்றது. விளக்குக்குரிய நீர் கடலிலிருந்து வருகின்றது. கடல் கரையாருக்கு மட்டும் உரியதென்று வன்னி மக்கள் ஒருகாலும் எண்ணவில்லை என்பதற்கு இவ்விளக்கே போதும்.

பாடு வகுத்த எல்லையை உடைத்தது இழுவைமடி. இந்தியக் கரையில் இயந்திரப் படகுத் தொழிலை வளர்க்க 1953இற் கேரளத்தில் தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டம், சில ஆண்டுகளில் இழுவைமடியையும் பரப்பியது. மீன் உணவு பெருகவேண்டும் என்ற நல்லெண்ணமே அதன் தோற்றம். ஆயின் இழுவைமடி மீனைப் பிடிப்பதோடு அமையாது. இரு பலகைகள் மடியின் வாயை விரித்து நிற்க, அடியிற் சங்கிலி கடற்றரையை உழுதுகொண்டு செல்லும். கடற்சாதாழையும் முருகையும் பார்ச்செடிகளும் குஞ்சும் முட்டையும் வேறுபாடின்றி வாரப்படும். ஆழங்குறைந்த பாக்குநீரிணையில் இதன் கேடு மிகுதி. உழவன் உழுதபின் விதைக்கின்றான். இழுவைமடி உழுதபின் விதைப்பார் இல்லை.

அதனை முதலில் எதிர்த்தவர் அறிவியலாளர் அல்லர்; கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தோரே. 1970களில் தமிழ்நாட்டுக் கரையில் இரு சாராருக்கும் இடையே நடந்த மோதல்களிற் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1978இற் சிறுபடகு மீனவரின் தேசியப் பேரவை தோன்றியது. 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுக் கடல்மீன்பிடி ஒழுங்குச் சட்டம் இயந்திரப் படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு உள்ளே தொழில் செய்யலாகாது என்றது. பாக்குநீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகுகளுக்கும் நான்கு நாள் நாட்டுப் படகுகளுக்கும் என்று வகுத்த முறை, பழைய பாட்டு முறையின் மறுபிறப்புப் போலத் தோன்றுகின்றது. 1989ஆம் ஆண்டு மீனவர் இயக்கம் நீரைக் காக்கவும் உயிரைக் காக்கவும் வேண்டி இந்தியாவின் இரு கரைகளிலுமிருந்து கன்னியாகுமரியை நோக்கி நடைப்பயணம் நிகழ்த்தியது. மே முதலாம் நாள் கூடிய பெருங்கூட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2001 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 45 நாள் இழுவைமடிக்குத் தடை விதிக்கப்பட்டது; 2017இல் அது 61 நாளாக்கப்பட்டது.

இக்கரையின் கதை வேறு. 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் எல்லைக்கோடு வரைந்தன. 1983க்குப் பின் போர் காரணமாக வடகடலிற் கடற்றொழில் பெரிதும் தடைப்பட்டது. கரையோரக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்து மல்லாவி போன்ற உள்ளூர்களில் மரநிழலில் வாழ்ந்த காலமும் இருந்தது. கடலுக்குரியோர் கடலில் இல்லாத அவ்வாண்டுகளில் எதிர்க்கரை இழுவைப் படகுகள் இக்கரை வரை வந்து பழகின. 2009இற் போர் முடிந்து, கடற்றொழிலாளர் வலையோடு திரும்பியபோது இரவில் விரித்த வலை காலையில் இல்லை. இழுவை அதனை அறுத்துச் சென்றிருந்தது. கடன்பட்டு வாங்கிய வலையை ஓரிரவில் இழந்த குடும்பத்துக்குக் கடல்வளப் பாதுகாப்பு என்பது மேடைப்பேச்சன்று. அடுத்த நாட் சோறு.

அரசுகள் பேசுமுன் மீனவரே மீனவரோடு பேசினர் என்பது இவ்வரலாற்றில் மதிக்கத்தக்க பகுதி. 2004இல் தமிழ்நாட்டு மீனவர் நல்லெண்ணக் குழுவாக இலங்கை வந்தனர். 2010 ஓகத்து மாதத்தில் இலங்கைக் கடற்றொழிலாளர் தமிழ்நாடு சென்றனர். ஒரே மொழி பேசுவோர், பலர் ஒரே தெய்வத்தையும் வணங்குவோர், எதிரெதிரே அமர்ந்து கணக்கிட்டனர். ஆண்டுக்கு 70 நாள் மட்டும் இழுவைத் தொழில், அதுவும் ஓராண்டுக்குள் முற்றாக நிறுத்தப்படும் என்று அங்கே இணக்கம் கண்டனர். கடலை எத்தனை நாள் திறப்பது, எப்பொழுது அடைப்பது என்று கடலுக்குரியோர் கூடி முடிவு செய்தமை, குளிப்புப் பாளையத்தின் பழைய நியாயம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் தலைகாட்டியதாகக் கொள்ளத்தக்கது. இரு அரசுகளும் அதற்கு உறுதி வழங்கவில்லை. இணக்கம் ஏட்டளவில் நின்றது. 2014இற் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேச்சு நடந்தது. இழுவைப் படகின் கடனைக் கட்ட வழியில்லாத எதிர்க்கரைத் தொழிலாளியும் ஏழையே என்பதை இக்கரையார் அறிவர். அறிந்தமையாற்றான் பேச்சு முறிந்தபோதும் மீண்டும் பேசினர்.

இலங்கையில் இழுவைமடி எதிர்க்கரையாருக்கு மட்டும் உரியதன்று. வடமாகாணத்திலும் சில துறைகளில் இழுவைப் படகுகள் இருந்தன. அயலவன் செய்யும்போது தீது, நாம் செய்யும்போது தொழில் என்னும் வாதம் நில்லாது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்கள் உணர்ந்து, தடை யாவருக்கும் வேண்டுமென்றன. பாராளுமன்ற உறுப்பினர் ம. ஆ. சுமந்திரன் கொணர்ந்த தனிநபர் பிரேரணையின் வழியாக, 2017 யூலையில் நிறைவேறிய 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இலங்கைக் கடலில் இயந்திரமயமாக்கப்பட்ட இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. 1811ஆம் ஆண்டுப் பிரமாணம் அரசின் சிப்பியை மக்களிடமிருந்து காக்க வந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ மக்கள் கேட்டுப் பெற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட 206 ஆண்டுகளிற் கடற்காவல் பற்றிய எண்ணம் எத்துணை மாறியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எதிர்க்கரையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் கூறலாம். 2022 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை அடுத்த பாக்குநீரிணையில் 448 சதுரக் கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்றும் வழங்கும் அவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. தம் வலையில் அகப்பட்ட கடற்பசுவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர் பலர் அப்பகுதியில் உள்ளனர். ஒரு காலத்தில் அதன் இறைச்சி அவ்வூர்களிலும் இக்கரை ஊர்களிலும் விரும்பி உண்ணப்பட்டது என்பதை நினைத்தால், அறுபட்ட வலையின் பெறுமதி தெரியும்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் நின்றதேயன்றிக் கடலிற் செவ்வனே நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது கடற்றொழிலாளர் முறைப்பாடு. 2021 ஒற்றோபர் 17ஆம் நாள் முல்லைத்தீவிலிருந்து படகுகள் கறுப்புக்கொடி கட்டிக் கரையோரமாகப் பருத்தித்துறை நோக்கிப் புறப்பட்டன. வழியிலுள்ள துறைகளிலிருந்தும் படகுகள் சேர்ந்துகொண்டன. அவர்கள் புதிய சட்டமொன்றும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிறைவேறிய சட்டத்தைக் கடலில் நடத்திக் காட்டுமாறே கேட்டனர்.